பன்றிக்கு வைத்த களி

நெல்லிமரத்துக்கொல்லை,
25.11.2024

ரம்யா அக்காவுக்கு,

களியை வீட்டிலிருந்து கொண்டுவரச் சொன்னது நீங்கள். பிள்ளை செத்த பிறகு, அன்று எங்கள் மாலைப் படிப்பு மையத்தில் நிகழ்ச்சியே நடக்கவில்லை என்று ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்ததும் நீங்கள்.

நலமா என்று கேட்கவில்லை. கேட்டால் நலம் என்று எழுதுவீர்கள், அதையும் நான் நம்ப வேண்டியிருக்கும்.

என் போனைப் போலீஸ் வாங்கி வைத்திருக்கிறது. அதனால்தான் காகிதம். ஒடுகத்தூர் ஜீப் ஓட்டுகிற ராஜேஷ் அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன். ஆபீசில் கொடுக்க வேண்டாம், உங்கள் வீட்டில், உங்கள் கையில்தான் கொடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

நீங்கள் எழுதிக் கொடுத்ததை எனக்குப் படித்துக் காட்டினார்கள். 'பெற்றோரின் கவனக்குறைவால் வீட்டிலிருந்த விஷத்தை உண்டு' கோகிலவாணி இறந்தாள் என்று இருக்கிறது. நல்ல தமிழ். வீட்டில் அல்ல அக்கா. நம் மையத்தின் பாயில் உட்கார்ந்து, உங்கள் கேமராவுக்கு முன்னால், களியில் தான் செய்த பன்றிக்குட்டியை வாணி தின்றாள். நீங்கள்தான் "இப்போ எல்லாரும் ஒரு கடி" என்றீர்கள்.

அந்தப் புத்தகத்தை நீங்கள் கொண்டுவந்த நாளை நினைத்துப் பாருங்கள். பன்றிக்குட்டிக்குப் பிறந்தநாள், யாரும் வரமாட்டேன் என்கிறார்கள், அது முயலுக்கு முயல் மாதிரி, ஆமைக்கு ஆமை மாதிரி பலகாரம் செய்து ஒவ்வொரு வாசலிலும் வைத்துவிட்டு வருகிறது. கடைசிப் பக்கத்தில் எல்லாரும் சேர்ந்து அதற்கு ஒரு பன்றி செய்து கொடுக்கிறார்கள். தினமும் அதையே படிக்கச் சொல்லி வாணி என் உயிரை எடுத்தாள். வீட்டுக்குப் போய் அப்பாவிடமும் கதை சொன்னாளாம், பன்றியை அடிக்காதே, அதற்குப் பிறந்தநாள் என்று. அவள் அப்பா கண்ணாயிரம் சித்தப்பா அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு போய், உழுது போட்ட மாதிரி கிடந்த கேழ்வரகுக் கொல்லையைக் காட்டி, "தோ பாரு, உங்காளு நம்ம கொல்லைலயே கொண்டாடிட்டு பூட்டான்" என்றாராம். ஊரே சொல்லிச் சிரித்தது.

அவர் இப்போது வேலூர் ஜெயிலில் இருக்கிறார். காட்டுப்பன்றிக்கு விஷம் வைத்ததற்கு ஒரு வழக்கு, பெற்ற பிள்ளையைச் சாகவிட்டதற்கு ஒரு வழக்கு. வாணியின் அம்மா பாஞ்சாலை சித்தி அவர் பெயரைச் சொன்னாலே எழுந்து உள்ளே போய்விடுகிறாள்.

குழந்தைகள் தினத்துக்குப் புத்தகத்தில் இருப்பது போலப் பலகாரம் செய்வோம், பொருள் எல்லாம் ஆபீசிலிருந்து வரும் என்று முதலில் சொன்னீர்கள். நிகழ்ச்சிக்கு முந்தின வாரம் வந்து, பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவந்தால்தான் இயற்கையாக இருக்கும், சிறுதானியமாக இருந்தால் இன்னும் நல்லது என்றீர்கள். என் எதிரில் நின்று சொன்னீர்கள். வேறு யாருக்கும் தெரியாது.

எழுதிக் கொடுத்ததைத் திரும்ப வாங்குங்கள். நடந்ததைச் சொல்லுங்கள்.

சிவசங்கரி

*

ஒடுகத்தூர்,
2.12.2024

அன்புத் தங்கை சங்கரிக்கு,

உன் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். அம்மா என்னவென்று கேட்டாள், ஆபீஸ் விஷயம் என்று சொல்லிவிட்டேன். நீ நலமா என்று கேட்கவில்லை. நான் கேட்கிறேன். சாப்பிடுகிறாயா? உங்கள் பக்கம் புயல் மழை அதிகம் என்றார்கள். மையத்தின் ஓடு ஒழுகுகிறதா? புத்தகங்களை மேலே எடுத்து வை.

வாணியை நினைக்காமல் எனக்கு ஒரு வேளை சோறு இறங்குவதில்லை. இதை நீ நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி.

ஆனால் ஒன்றைப் புரிந்துகொள். வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்வது என்பது மீட்டிங்கில் புருஷோத்தமன் சார் எடுத்த முடிவு. எல்லா மையத்துக்கும் அதைத்தான் சொன்னோம். வேறு எங்கும் ஒன்றும் ஆகவில்லையே. முடிந்தால் கொண்டுவாருங்கள் என்றுதான் சொன்னேன். முடியாது என்றால் நீ சொல்லியிருக்கலாம். அன்று யார் எதைக் கொண்டுவந்தார்கள் என்று நான் பார்க்கவில்லை. அத்தனை பிள்ளைகள் சத்தம் போட்டுக்கொண்டு நிற்கும்போது எப்படிப் பார்ப்பது? அவள் செய்த பன்றிக்குக் காது ஒட்டிக் கொடுத்தது நீதான் சங்கரி. குற்றமாகச் சொல்லவில்லை. உனக்கே தெரியாதது எனக்கு எப்படித் தெரியும் என்றுதான் கேட்கிறேன்.

நிகழ்ச்சி நடந்தது என்று சொன்னால் முதலில் உன்னைத்தான் பிடிப்பார்கள். மையத்துக்குப் பொறுப்பு நீ. நான் எழுதிக் கொடுத்ததில் நீயும் தப்பித்திருக்கிறாய். அதை நீ யோசிக்கவே இல்லை.

இது வெளியே போனால் மலையில் இருக்கிற எல்லா மையத்தையும் மூடிவிடுவார்கள். அத்தனை பிள்ளைகள் மறுபடியும் மாலையில் ஆடு ஓட்டப் போவார்கள். பணம் கொடுக்கிறவர்கள் வேறு மாநிலம் பார்த்துக்கொண்டு போவார்கள். நீயும் நானும் சேர்ந்து கட்டியது இது.

எனக்குத் தை மாதம் கல்யாணம் முடிவாகியிருக்கிறது. மாப்பிள்ளை பெயர் சரவணகுமார், குடியாத்தம். உன்னிடம் நேரில் சொல்ல நினைத்திருந்தேன். இப்படி எழுத வேண்டியதாகிவிட்டது.

பிள்ளைகளுக்குக் கொஞ்சம் பிஸ்கட் ராஜேஷ் அண்ணனிடம் கொடுத்திருக்கிறேன். கொடு.

உன் அக்கா,
ரம்யா

*

நெல்லிமரத்துக்கொல்லை,
7.12.2024

ரம்யா அக்காவுக்கு,

பிஸ்கட்டைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். மையத்திலிருந்து எது வந்தாலும் வாயில் வைக்கக் கூடாது என்று எல்லா வீட்டிலும் பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். பெட்டியைப் பார்த்ததும் இரண்டு பிள்ளைகள் அழுதார்கள். மையம் மூடிவிடும் என்று பயப்படுகிறீர்கள். அது அன்றைக்கே மூடிவிட்டது. நான் மட்டும் போய் உட்கார்ந்திருக்கிறேன்.

யார் எதைக் கொண்டுவந்தார்கள் என்று பார்க்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் பார்த்தீர்கள். பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

வாணி முதலில் கொண்டுவந்தது களி இல்லை. தேக்கிலையில் ஒரு பிடி வெள்ளைச் சோறு. ரேஷன் அரிசிச் சோறு, காலையில் வடித்தது. நீங்கள் குனிந்து பார்த்தீர்கள்.

"இன்னாடா கண்ணு இது, சோறா? சோறு வாணாம். பன்னி வெள்ளையாவா இருக்கும்? போய் கேவுரு களி எடுத்துனு வா."

"எங்க வூட்ல களி இல்ல மிஸ்."

"மலைல இருந்துகினு கேவுரு இல்லன்னா யாரு நம்புவா?"

உங்கள் கார் டிரைவர் சிரித்தார். நீங்களும் சிரித்தீர்கள். மற்ற பிள்ளைகளும் சிரித்தார்கள், எதற்கென்று தெரியாமலே. வாணி இலையைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பி ஓடினாள். அந்தச் சோற்றைக் கோழி கொத்திக்கொண்டிருந்தது.

அக்கா, உங்களுக்கெல்லாம் மலைக்காரன் என்றால் கேழ்வரகு. சுவரில் ஒட்ட நீங்கள் கொடுத்த படத்திலும் அப்படித்தான், கம்மங்கூழ் குடித்துச் சிரிக்கிற குடும்பம். இந்த ஊரில் மூன்று வேளையும் தின்பது ரேஷன் அரிசி. விளைகிற கேழ்வரகில் பாதி பன்றிக்குப் போகிறது, மீதி ஒடுகத்தூர் மண்டிக்குப் போகிறது. அங்கிருந்து உங்கள் ஊர்க் கடைகளுக்குப் பிஸ்கட்டாகப் போகிறது. வீட்டில் களி கிண்டுவது நோன்புக்கு, இல்லையென்றால் பன்றிக்கு. நான் முந்தின நாள் வீடு வீடாகப் போய்க் கெஞ்சியதால்தான் மற்ற பிள்ளைகள் கொண்டுவந்தார்கள். சித்தப்பாவும் சித்தியும் அன்று இரவு முழுக்கக் கொல்லைப் பரணில் காவல் இருந்தார்கள். நான் போனபோது வீட்டில் யாரும் இல்லை.

அதனால் அந்த வீட்டில் அன்று இருந்த ஒரே களி, வெளிக்கொட்டகையில் சட்டியில் மூடி வைத்திருந்தது. பயிருக்குப் போடுகிற பூச்சிக் குருணை மருந்து கலந்து, வாசனைக்கு வெல்லம் போட்டுப் பிசைந்தது. பொழுது சாய்ந்ததும் கொல்லை ஓரத்தில் வைக்க வேண்டியது.

இன்னொன்றும் சொல்கிறேன், உங்களுக்குத் தெரியாது. எங்கள் ஊரில் மருந்து பிசைகிற அன்று மருந்து என்ற சொல்லை யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள். சொன்னால் பன்றிக்குத் தெரிந்துவிடும், அந்தப் பக்கமே வராது என்பார்கள். சித்தி வாணியிடம் சொன்னது இவ்வளவுதான்: "அத்தத் தொடாத, அது பன்னிக்கு." பன்றி செய்யத்தானே கேட்கிறாள் பிள்ளை? பன்றிக்கென்று வைத்ததில் ஒரு கை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

நானும் பார்த்தேன். எங்கிருந்து எடுத்தாய் என்று கேட்கவில்லை. நல்ல கருப்பாக வந்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டுக் காது வைத்தேன். இதை ஸ்டேஷனில் சொல்லியிருக்கிறேன். என்னைப் பிடிக்கட்டும் என்றுதான் சொன்னேன். அவர்கள் எழுதவே இல்லை. "நீ அவங்க பங்காளி வூட்டுப் பொண்ணு. நீ வேற இன்னா சொல்லுவ? படிச்சவங்க எழுதிக் குடுத்துக்கீறாங்க" என்றார்கள். நானும் படித்தவள்தான். நீங்கள் படித்த அதே பயிற்சிப் பள்ளியில், உங்களுக்கு இரண்டு வருடம் பின்னால்.

உங்கள் கார் வளைவு தாண்டிப் போன பிறகுதான் அவள் வாந்தி எடுத்தாள். வாயில் நுரை. கண் பாப்பா சிறுத்துப் போய்விட்டது. என் மாமா பைக்கில் சித்தி மடியில் அவளை வைத்துக்கொண்டு இறங்கினோம். பாதி மலையில் சித்தி, "தூங்கிட்டா, மெதுவா ஓட்டு" என்றாள். மாமா மெதுவாக ஓட்டினார். அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

நீங்கள் எழுதியதில் இது எங்கே இருக்கிறது?

சிவசங்கரி

*

12.12.2024

சங்கரி,

நீ எழுதியிருக்கிற அந்த விஷயத்தைப் பற்றி நான் காகிதத்தில் எதுவும் எழுதப்போவதில்லை. ஏன் என்று உனக்குத் தெரியும்.

உன் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் நீ என்னைப் பட்டணத்துக்காரி மாதிரி எழுதுகிறாய். நீ மலை என்றால் நான் மலையடிவாரம். என் அப்பா மண்டியில் மூட்டை தூக்கித்தான் என்னைப் படிக்கவைத்தார். புருஷோத்தமன் சாருக்கு உனக்கும் எனக்கும் வித்தியாசம் கிடையாது. உன் பெயரைக் கூட அவர் கேட்டதில்லை. 'அந்த மலைப் பொண்ணு' என்பார். என் பெயர் தெரியும், அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த உயர்வு. எழுதிக் கொடு என்று அவர் சொன்னபோது எழுதினேன். இன்னொருத்தி என் இடத்தில் இருந்தால் உன் பெயரைப் போட்டு எழுதியிருப்பாள். அப்படித்தான் முதலில் சொன்னார்கள். நான் முடியாது என்றேன்.

கண்ணாயிரம் அண்ணன் மருந்து வைத்தது பொய்யா? அதை நான் சொல்லிக் கொடுத்தேனா? பிள்ளை இருக்கிற வீட்டில் மூடி வைத்தால் போதும் என்று யார் சொன்னது? இதையும் நீ ஒரு முறை யோசித்துப் பார்.

இதனுடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். நவம்பர் பதினான்காம் தேதி உனக்கு உடம்பு சரியில்லை, மையம் திறக்கவில்லை என்று இருக்கும். கையெழுத்துப் போட்டு ராஜேஷ் அண்ணனிடமே கொடுத்துவிடு. அதோடு முடிந்துவிடும். பொங்கல் கழித்து வேலூர் ஆபீசில் உனக்கு ஒரு வேலை பார்க்கிறேன். சார் சரி என்று சொல்லிவிட்டார். நீ அந்த ஊரிலேயே உட்கார்ந்திருந்தால் பைத்தியம் பிடித்துவிடும்.

நான் தூங்கி எத்தனையோ நாள் ஆகிறது. கண்ணை மூடினால் அவள் திரும்பி ஓடுவதுதான் தெரிகிறது. சின்னச் செருப்பு, ஒன்றில் வார் இல்லை.

படித்ததும் இதைக் கிழித்துவிடு.

*

நெல்லிமரத்துக்கொல்லை,
16.12.2024

ரம்யா அக்காவுக்கு,

கிழித்துவிட்டேன். உங்கள் கடிதத்தை இல்லை, உள்ளே வைத்திருந்த தாளை.

இந்த முறை நீங்கள் ஊர்ப் பெயரும் போடவில்லை, கையெழுத்தும் போடவில்லை. பயப்படாதீர்கள், உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டு ஸ்டேஷன் வாசலில் நிற்க மாட்டேன். அவர்களுக்கு வேண்டியது அவர்களிடம் இருக்கிறது.

என் பெயரைப் போட விடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு நான் நன்றி சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்களா? என் பெயருக்குப் பதில் யார் பெயர் போனது என்று உங்களுக்குத் தெரியும். சித்தப்பா மருந்து வைத்தது உண்மை. அதற்கு அவர் தண்டனை அனுபவிக்கட்டும், நான் குறுக்கே நிற்கவில்லை. அவர் செய்ததை நீங்கள் எழுதிக் கொடுத்தீர்கள். நீங்கள் சொன்னதை ஏன் எழுதவில்லை?

போன வாரம் ஜெயிலுக்குப் போனேன். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "எம்பொண்ணு திருட மாட்டாளே, எதுக்கு எடுத்தா?" என்று அதையே கேட்டார். பசித்து எடுத்தாள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். வீட்டில் சோறு வைக்காமல் போய்விட்டோமோ என்று பாஞ்சாலை சித்தியைத் திட்டுகிறார். சித்தியோ, சட்டியை உயரத்தில் கட்டாமல் விட்டது அவர்தான் என்று இங்கே மண்ணை வாரித் தூற்றுகிறாள். ஆறு வருடம் பிள்ளை இல்லாமல் இருந்து பெற்ற பிள்ளை அவள். இப்போது ஒருவரை ஒருவர் கொன்றுகொண்டிருக்கிறார்கள், நடுவில் ஒரு மலை இருக்கும்போதே.

அவர் ஜாமீன் மனுவில் கைநாட்டு வைக்க மறுக்கிறார். வக்கீல் இரண்டு முறை போய்த் திரும்பிவிட்டார். எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு அந்த வீட்டுப் படி ஏறுவது என்று கேட்கிறாராம்.

சோற்றை வைத்துவிட்டு ஓடிய கதையை அவரிடம் சொன்னேன். தலையை ஆட்டினார், நம்பவில்லை. சித்தியிடமும் சொன்னேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"அந்த மிஸ்ஸப் பத்திப் பேசாத. எம்பொண்ண மடில குந்த வெச்சிக்கினு படம் புடிச்சாங்க. அவங்க சோத்த வாணாம்னு சொல்லுவாங்களா? நீ உங்க சித்தப்பனக் காப்பாத்தறதுக்கு பேசுற."

புரிகிறதா அக்கா? என்னை நம்பவில்லை, உங்களை நம்புகிறாள். இந்த ஊரில் உங்களை நம்புகிற கடைசி ஆள் அவள்தான். நான் எத்தனை முறை சொன்னாலும் அது பங்காளி வீட்டுப் பேச்சு. நீங்கள் ஒரு முறை சொன்னால் போதும்.

கோர்ட்டை விடுங்கள். ஸ்டேஷனை விடுங்கள். சாரிடம் சொல்லவும் வேண்டாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஜீப்பில் ஏறி வாருங்கள். சித்தியை நான் ரோட்டு முனைக்குக் கூட்டிவருகிறேன். அவளிடம் சொல்லுங்கள்: பிள்ளை சோறுதான் கொண்டுவந்தாள், நான்தான் திருப்பி அனுப்பினேன் என்று. அவள் உங்களை அடித்தால் நான் தடுக்கிறேன். அடிக்க மாட்டாள் என்றுதான் நினைக்கிறேன்.

சிவசங்கரி

*

நெல்லிமரத்துக்கொல்லை,
23.12.2024

ரம்யா அக்காவுக்கு,

கடிதத்தை உங்கள் கையில்தான் கொடுத்தேன் என்று ராஜேஷ் அண்ணன் சொன்னார். படித்துவிட்டு, பதில் இருக்கிறதா என்று கேட்டதற்கு அப்புறம் என்றீர்களாம். கல்யாணத்துக்கு வெள்ளையடித்துக்கொண்டிருக்கிறார்களாம்.

நேற்று ரோட்டு முனையில் நின்றோம். ஏன் என்று சித்தி கேட்டாள். மிஸ் வருகிறார் என்றேன். உடனே உள்ளே போய்த் தலை வாரிக்கொண்டு, நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்தாள். அந்தக் காரியத்துக்குப் பிறகு அவள் தலை வாரியது நேற்றுத்தான். பிள்ளையைப் பிடித்த படம் ஒன்று கொண்டுவருவார்களா என்று கேட்டாள். வீட்டில் வாணியின் படம் ஒன்றுகூட இல்லை. நான் தெரியாது என்றேன்.

காலை ஜீப் வந்தது. உரமூட்டை இறங்கியது, மேல்கொல்லை ஆட்கள் இறங்கினார்கள். சித்தி வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள். அடுத்த வண்டியில் வருவாங்க என்றாள். மத்தியான வண்டியும் வந்தது. வேலை இருந்திருக்கும் பாவம் என்றாள். அதை அவள் சொல்லக் கேட்டேன் அக்கா. உங்களைப் பாவம் என்றாள்.

இனி அவளைக் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்த மாட்டேன். அவள் சொல்லிச் சொல்லி உங்களை நல்லவராக்கிக்கொண்டே போகிறாள், அங்கே சித்தப்பா நாளுக்கு நாள் கொலைகாரனாகிக்கொண்டே போகிறார். நேற்று இரவு அவருடைய துணிகளைக் கொல்லையில் போட்டுக் கொளுத்திவிட்டாள்.

காகிதத்தில் எழுத மாட்டேன் என்றீர்கள். சரி, எழுத வேண்டாம். மன்னிப்பு வேண்டாம், வேலை வேண்டாம், கல்யாணப் பத்திரிகை அனுப்ப வேண்டாம். வேலூர் ஆபீசிலிருந்து ஜெயிலுக்கு ஆட்டோவில் போய்விடலாம். பார்க்கிற நாளில் போய் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். எதற்கு எடுத்தாள் என்று உங்களிடமும் கேட்பார்.

பதில் சொல்லுங்கள்.

சிவசங்கரி